பதினோராம் மாதத்துக் கோடு

வாயை அகலத் திறந்து, நாக்கை ஒரு தகடு அழுத்திப் பிடித்திருக்கும்போது, "நீங்க செண்பகராஜ் இல்லை போலிருக்கே" என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வது? நான் "ஆஆ" என்றேன். டாக்டர் பியூலா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, கருவியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் அதே கடைவாய்ப் பல்லில் மாட்டினார். மறுபடியும் அதே முகச்சுளிப்பு. பிறகு இடது பக்கத்துப் பல்லுக்குப் போனார். அங்கேயும் நான் இல்லை.

முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொன்ன காலம் மலையேறிவிட்டது. யார் முகத்தையும் யார் குரலையும் ஒரு நொடியில் செய்துகொள்ளலாம் என்றாகி, கைரேகையும் கண்ணும்கூடப் போலியாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு, அரசாங்கம் கடைசியில் எங்கள் வாய்க்குள் கையை விட்டது. பல்லை மட்டும் எவனாலும் போலி செய்ய முடியவில்லையாம். பிறந்த நாளிலிருந்து அதற்குள் வரிவரியாகப் படிந்திருப்பதைக் கருவி வாசித்துவிடும். எங்கள் கோவில்பட்டியிலும் ஒரு பல் வாசிப்பு மையம் திறந்தார்கள்.

முதலில் எங்களுக்கு அது நல்ல பொழுதுபோக்காகத்தான் இருந்தது. வயதைக் குறைத்துச் சொல்லிக் கல்யாணம் செய்தவர்கள் வரிசையாக மாட்டினார்கள். கஞ்சிக்கே வழியில்லாமல் வளர்ந்தேன் என்று மேடைக்கு மேடை அழுத ஒரு பெரிய மனிதர், பாலும் முட்டையுமாகத் தின்று கொழுத்த பிள்ளை என்று பல் காட்டிக்கொடுத்தது. தரகர்கள் ஜாதகத்தோடு பல் வாசிப்பையும் கேட்க ஆரம்பித்தார்கள். நான் மின்பஸ் டிப்போவில் மேற்பார்வையாளன். தினமும் டீக்கடையில் நின்று இவர்களையெல்லாம் கேலி செய்தே வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டவன். எனக்கென்ன, பிறப்பும் படிப்பும் வேலையும் சுத்தமாக இருக்கிறதே என்ற திமிர்தான். என் முறை வந்தபோது அந்தத் திமிரோடுதான் போய் வாயைத் திறந்தேன்.

டாக்டர் தகட்டை எடுத்ததும் முதல் வேலையாக, உங்கள் மிஷினில் கோளாறு என்றேன். அவர் கோபப்படவில்லை. எனக்குப் பல் என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டார். தின்பதற்கு உதவும், வலித்தால் உயிரை எடுக்கும், வேறு என்ன தெரிய வேண்டும் என்றேன்.

"ஒரு தேங்காயை நினைச்சுக்கோங்க" என்றார். "மேல சிரட்டை மாதிரி கெட்டியா இருக்கறது எனாமல். அதுக்குள்ள பருப்பு மாதிரி தடிமனா டென்டைன். நடுவுல, தண்ணி இருக்கிற இடத்துல பல்கூழ். நரம்பு, ரத்தம் எல்லாம் அதுக்குள்ளதான். வேர் தாடை எலும்புல இறங்கியிருக்கும். உள்ளதான் உயிர். மேல இருக்கிற எனாமல்ல உயிர் கிடையாது."

"உயிரே இல்லாத ஒண்ணை நம்பியா என்னை நானில்லைன்னு சொல்றீங்க?"

"உயிர் இல்லாததாலதான் நம்பறோம். எலும்பு உடைஞ்சா ஒட்டிக்கும். தோல் கிழிஞ்சா மூடிக்கும். எனாமல் ஒருதடவை உருவானா அவ்வளவுதான், தன்னைத் திருத்திக்கவே தெரியாது. நான் பார்த்தது உங்க முதல் பெரிய கடைவாய்ப் பல். ஆறு வயசுலதான் வெளிய வரும். ஆனா பிறக்கும்போதே ஈறுக்குள்ள உருவாக ஆரம்பிச்சிடும். பிறந்த அதிர்ச்சியில ஒரு கோடு விழும். அதுக்கப்புறம் மூணு வயசு வரைக்கும் தினம் ஒரு வரி. அந்தந்த வருஷத்துக் காத்தும் தண்ணியும் அதுல பூட்டிக் கெடக்கும்."

என் பிறப்புக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று திரையில் காட்டினார். என் சான்றிதழ் சொல்வது ஒரு கார்த்திகை மாதம். பல் சொல்வது அதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் தள்ளி, ஒரு சொட்டு மழையில்லாத பங்குனி. திரையின் அடியில் சிவப்பாக 'பொருந்தவில்லை' என்று வந்தது. செண்பகராஜ் என்று ஒரு குழந்தை பிறந்தது உண்மை, ஆனால் அது நானில்லை என்பதுதான் அதற்குப் பொருளாம். என் பிறப்பை நேரில் அறிந்த ஒருவர் வந்து இந்தக் கருவியின் முன்னால் சொல்லும்வரை நான் யாருமில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பது அம்மா மட்டும்தான்.

யாருமில்லை என்றால் எவ்வளவு யாருமில்லை என்பது டிப்போ வாசலில்தான் புரிந்தது. கேட் திறக்கவில்லை. முகத்தைக் காட்டினேன், பல்லைக் காட்டினேன், நேற்றுவரை என் கையால் நட்டுப் போல்ட்டு முடுக்கிய அதே கேட் வாயை மூடிக்கொண்டு நின்றது. உள்ளே என் ஆட்கள் நின்று, என்னண்ணே உள்ள வரலையா என்று கேட்டார்கள். தலைவலி என்று சொல்லித் திரும்பிவிட்டேன். என் வேலை, படிப்பு, கல்யாணம் எல்லாமே எவனோ ஒருவன் பெயரில் இருப்பதாக ஒரு மிஷின் சொல்கிறது. அவன் எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது. எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்கு அடியில் பயமாகவும் இருந்தது.

என் மனைவி இந்துராணி விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தாள். கணக்குப் பார்த்தால் அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். "சின்னப் பயலைக் கட்டியிருக்கேன்னு தெரியாம இத்தனை வருசம் மரியாதை குடுத்துட்டேனே" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைத் தத்து எடுத்திருப்பார்களோ என்றேன். அவள் என்னைக் கண்ணாடி முன் நிறுத்தி, பக்கத்தில் அப்பாவின் படத்தைப் பிடித்தாள். அதே மூக்கு, அதே ஒட்டிய கன்னம். அப்பாவின் பிள்ளைதான், சந்தேகமில்லை. அப்படியானால் வயது எப்படி மாறும்? பள்ளியில் நான்தான் எல்லா வகுப்பிலும் குள்ளன். முதல் வகுப்பில் மற்ற பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட, நான் தூங்கி விழுவேனாம். வாத்தியார் சாக்பீஸால் அடிப்பார். இவன் மந்தம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். ஐந்து வயது என்று சொல்லி மூன்றைக்கூட ஒழுங்காகத் தாண்டாத ஒருவனை உட்கார வைத்திருந்தால்? அவ்வளவுதான் என் மூளைக்கு எட்டியது.

அம்மா பின்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டியும் சீனியம்மாள் என்றால் தெருவே கொஞ்சம் தள்ளி நிற்கும். பல் வாசிப்பு வந்தபோது, எனக்குப் பல்லும் இல்லை பஞ்சாயத்தும் இல்லை என்று சொல்லித் தன் பல்செட்டைக் கழற்றிக் காட்டி மையத்துக்காரர்களை அனுப்பிவிட்டவள். நான் சொன்னதைக் கேட்டுக் கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"பல்லு பொய் சொல்லுது. பெத்தவ நான் சொல்லுதேன், கார்த்திகை மாசம்."

உடனே அந்தக் கதையும் வந்தது. அடைமழை, கம்மாய் உடைந்து தெருவில் முழங்கால் தண்ணீர், அப்பா மருத்துவச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு கார்த்திகையும் என் பிறந்தநாளில் கேட்டு எனக்கே மனப்பாடம். ஒன்பதாம் மாதத்தில் நான் நடந்துவிட்டேன், ஆட்டைக் கண்டால் வீறிட்டு அழுவேன், கருப்பட்டி என்றால் உயிரை விடுவேன். இதில் ஒன்றுகூட எனக்குப் பொருந்தியதில்லை. எனக்கு ஆடுகளைப் பிடிக்கும். கருப்பட்டி வாடை வந்தாலே குமட்டும். ஆனாலும் ஒவ்வொரு பிறந்தநாளிலும் தட்டில் ஒரு துண்டு கருப்பட்டி வரும். அவள் பார்க்கிறாளே என்று விழுங்கி வைப்பேன். பெரியவனானதும் பிள்ளைகளுக்கு ருசி மாறிவிடும் என்று அவள் சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

அந்தப் பங்குனியில் மழையே இல்லை என்று பல் சொல்கிறதே என்றேன். அவள் கீரைக் காம்புகளை ஒடித்தபடி இருந்தாள். அப்படியானால் நான் யார் என்று கேட்டேன். "நீ எம்புள்ள" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நான் சத்தம் போட்டேன், கெஞ்சினேன், மையத்துக்கு வந்து இதையே சொல் என்றேன். எதற்கும் அசையவில்லை. அன்று முழுக்க அவள் சாப்பிடவும் இல்லை. அத்தை பல்லைக் கண்டு பயப்படவில்லை, வேறு எதையோ கண்டு பயப்படுகிறாள் என்று இந்துராணி சொன்னாள்.

மறுநாள் காலையில் நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். அது எவ்வளவு கூர்மையானது என்று தெரியாமலேதான் எடுத்தேன்.

"செண்பகராஜுன்னு ஒருத்தன் பிறந்தது நிசம்னு அவங்களுக்குத் தெரியும். அவன் பேரை நான் வச்சிருக்கேன். அப்ப அவனை என்ன செஞ்சேன்னு என்னைத்தானே கேப்பாங்க? நான் என்ன சொல்லட்டும், கொன்னுட்டேன்னு சொல்லட்டா?"

அம்மாவின் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை. எழுந்து போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "வாரேன்" என்றாள்.

மையத்தில் டாக்டர் பியூலா அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டு, திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். என் பல்லின் ஒரு மூலை சுவரளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. உழுது போட்ட நிலம் மாதிரி நெருக்கமாக வரிகள். இங்கே பிறப்பு, இது முதல் மாதம் என்று டாக்டர் விரலால் காட்டிக்கொண்டே வந்தார். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஓரிடத்தில் மற்ற வரிகளை எல்லாம் அமுக்கிக்கொண்டு கன்னங்கரேலென்று ஒரு கோடு ஓடியது. இது என்ன என்று அவளே கேட்டாள்.

"பிள்ளைக்குப் பதினோராவது மாசம் நடக்கும்போது விழுந்தது பாட்டி. அதுவரைக்கும் நல்லாத் தாய்ப்பால் குடிச்சிருக்கு. திடீர்னு பால் நின்னிருக்கு. கொஞ்ச நாள் ஒழுங்காச் சாப்பிடவும் இல்லை. ஏதாவது காய்ச்சலா?"

அம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லில் இதெல்லாமா தெரியும் என்று மெதுவாகக் கேட்டாள். எனாமலுக்கு ஆறத் தெரியாது என்று டாக்டர் சொன்னார்.

"காய்ச்சல் இல்ல தாயி" என்றாள் அம்மா. "நாந்தான்."

பிறகு அவள் சொன்னதெல்லாம் திரையைப் பார்த்துத்தான், என்னைப் பார்த்து இல்லை. அந்த மழையில் பிறந்தவன் மூத்தவன். ஒன்பதாம் மாதத்தில் நடந்தவன் அவன். ஆட்டைக் கண்டு அழுதவனும் கருப்பட்டிக்கு உயிரை விட்டவனும் அவன்தான். பதினோராம் மாதத்தில் ஒரு நாள் காலையில் வாந்தியும் பேதியுமாக ஆரம்பித்தது, விளக்கு வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கம்மாய்க்கரை ஓரமாகப் புதைத்தார்கள். யாரும் போய் எந்தப் பதிவிலும் எழுதி வைக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு பங்குனியில் நான் வீட்டிலேயே பிறந்தேன். நல்ல பெயர் வைத்தால், மூத்தவனைக் கொண்டுபோனது இதையும் வந்து கொண்டுபோய்விடும் என்று பெரியவர்கள் சொன்னதால் எனக்குப் பெயரே வைக்கவில்லை. குப்பை என்று கூப்பிட்டார்கள்.

"இவனுக்குப் பதினோராம் மாசம் பொறந்துச்சு. எனக்கு ஒறக்கமே இல்ல. அது வந்து தேடும், வீட்டுல பிள்ளை இருக்கக் கூடாதுன்னு தோணிப்போச்சு. பாலை மறக்கடிச்சு, கயத்தாத்துல எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டேன். அங்க ஒண்ணுமே வாயில வாங்காம அழுதுகிட்டே கெடந்தானாம். நான் இங்க பால் கட்டிப்போய் சுவத்துல முட்டிக்கிட்டுக் கெடந்தேன். மாசம் முடிஞ்சு தூக்கிட்டு வாரேன், எலும்பும் தோலுமா இருக்கான். வாசல்ல வச்சு இவுக அப்பா சொன்னாரு, நம்ம செண்பகராசு திரும்பி வந்துட்டான்னு. நானும் ஆமான்னுட்டேன்."

பெயர் அன்றைக்கு வந்தது. பெயரோடு அண்ணனின் பிறப்புச் சான்றிதழும் வந்துவிட்டது. அந்தச் சான்றிதழோடுதான் என்னை முதல் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகை வந்தது, ஆனால் யாருக்காக என்று பிடிபடவில்லை. கம்மாய்க்கரையில் கிடக்கும் அண்ணனுக்கா, கயத்தாற்றில் பட்டினி கிடந்த எனக்கா, இரண்டு பிள்ளைகளை ஒரே பெயருக்குள் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த இவளுக்கா? என் ஞாபகங்கள் என்று நான் வைத்திருந்ததில் பாதி எனக்குச் சொந்தமில்லை. எந்தப் பாதி என்றுகூட உறுதியாகத் தெரியவில்லை.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இவ்வளவு சொன்னது போதாதாம். மூத்த பிள்ளை இறந்துவிட்டான் என்று அம்மா தன் வாயால் கருவியின் முன் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது இரண்டு பேரையும் தனித்தனியாகப் பிரிக்கும்.

"அந்த வார்த்தையை நான் ஒருநாளும் சொன்னதில்ல தாயி" என்றாள் அம்மா.

டாக்டர் வற்புறுத்தவில்லை. அந்த ஒரு வார்த்தை வராமல் போனால் நான் வீட்டுக்குப் போய் யாருமில்லாதவனாக உட்கார வேண்டியதுதான். அது தெரிந்தும், சொல்லும்மா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவள் டாக்டர் பக்கம் திரும்பி, சொன்னால் இவனுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டாள். ஆகாது என்றார் டாக்டர். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்தபடி கருவியைப் பார்த்துச் சொன்னாள்.

"எம் மூத்த மகன் செண்பகராசு செத்துப்போனான்."

திரையில் இருந்த சிவப்பு போனது. டாக்டருக்கு மூச்சு வந்தது. இனி எல்லாம் சுலபம் என்றார். இறந்த அண்ணனின் பெயரைத் தம்பி தொடர்ந்து வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அம்மா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் என் படிப்பும் வேலையும் கல்யாணமும் அப்படியே புது வயதோடு என் பக்கம் வந்துவிடும். நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

"வேண்டாம்" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெயரில்தான் பரீட்சை எழுதினேன், அந்தப் பெயரைச் சொல்லித்தான் தாலி கட்டினேன், இப்போது அதையும் பிடுங்கிக்கொள்கிறாயா என்று கத்தினேன். அவள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அது அவன் பேருய்யா. அவன்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு. இத்தன வருசமும் நான் அவனைக் கூப்பிட்டேன், நீ திரும்பிப் பாத்த. ஒன்னைய நான் ஒருவாட்டிகூடக் கூப்பிடல."

பெயர் மாறினாலும் பதிவுகள் எல்லாம் என் பல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், கொஞ்சம் அலைச்சல்தான் என்று டாக்டர் சமாதானம் சொன்னார். பெயர் என்ன போடட்டும் என்று கேட்டார். அம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அதுவரை பிறப்புப் பதிவில் எல்லாக் குழந்தைக்கும் போடுகிற மாதிரியே போட்டுவைத்தார். திரையில் பங்குனி மாதத் தேதியும், அப்பா பெயரும், அம்மா பெயரும், அதற்கு நேரே 'ஆண் குழந்தை' என்றும் வந்தது. நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு அதைப் பார்த்தேன்.

வெளியே நல்ல வெயில். எட்டயபுரம் ரோட்டில் சனம் நெரிந்தது. பஸ் நிறுத்தத்தில் நிழல் பிடிக்கலாம் என்று நான் முன்னால் நடந்தேன். இந்துராணியிடம் எதிலிருந்து ஆரம்பிப்பது, டிப்போவில் ஆட்களிடம் என்னவென்று சொல்வது, ஒன்றும் ஓடவில்லை. பின்னால் யாரோ ஒரு பொம்பளை "வெயிலுமுத்து" என்று யாரையோ கூப்பிட்டாள். எவனும் திரும்பவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் உரக்க இன்னொரு தடவை கூப்பிட்டாள். வயதான குரல், மூச்சு வாங்கியது. காது கேட்காதவன்போலப் போகிறானே, எவன் அவன், நின்று பதில் சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்றாவது தடவை குரலோடு ஒரு கையும் வந்து என் தோளைத் தொட்டது. திரும்பினால் அம்மா நிற்கிறாள்.

"எத்தன தடவ கூப்பிடுதேன். கேக்கலையா ஒனக்கு?"

"கேட்டுச்சும்மா" என்றேன்.